உறைந்த குழாயும் ஊழும்

நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. குளிர் நாடுகளில் பனிக்கால இரவொன்றில் வீட்டுக் குழாய் வெடிப்பதற்கு அடிப்படை இவ்வளவுதான். ஆனால் வெடிப்பு நிகழும் விதம் பலரும் நினைப்பதுபோல் இல்லை. பனிக்கட்டி பக்கவாட்டில் பருத்துக் குழாயைப் பிளப்பது அரிது. குழாயின் ஓரிடத்தில் முதலில் ஓர் அடைப்பு உண்டாகிறது. அது வளர வளர, அடைப்புக்கும் மூடிய திருகுக்கும் நடுவே அகப்பட்ட நீர் போக்கிடமின்றி நெருக்கப்படுகிறது. அழுத்தம் வழக்கமானதைப் போலப் பல மடங்கு ஏறி, வலுக் குறைந்த இடம் எதுவோ அங்கே குழாய் கிழிகிறது. கிழிந்த இடத்தில் பனிக்கட்டியே இல்லாமலும் இருக்கலாம். 1990களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைகள் இதைத் தெளிவாக்கின. குளிர் வருமுன் திருகைச் சிறிது திறந்து நீரைச் சொட்டவிடும் பழக்கம் பலிப்பதற்கும் இதுவே காரணம். சொட்டும் நீர் உறைதலைத் தடுக்காமல் போகலாம். நெருக்கப்படும் நீருக்கு அது வழி விடுகிறது.

இன்னொன்றும் உண்டு. அடைப்பு இருக்கும்வரை கிழிந்த குழாயிலிருந்து நீர் அதிகம் வராது. வெயில் ஏறிப் பனி உருகியதும்தான் சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் கொட்டத் தொடங்குகிறது. குளிர் விட்டது என்று வீட்டார் மூச்சு விடும் நேரமே வெள்ளம் வரும் நேரமாக இருக்கிறது. கேடு நிகழ்ந்த பொழுது வேறு, அது வெளிப்பட்ட பொழுது வேறு. உடைந்த இடமும் காரணம் இருந்த இடமும் வேறு வேறு.

மனிதருக்கு நேரும் கேடு யாருடைய செயல் என்பது மிகப் பழைய கேள்வி. இயற்கையின் செயலா, இறைவனின் செயலா, பட்டவரின் பழவினையா, அயலாரின் அசட்டையா? சமயங்களும் தத்துவங்களும் இதைப் பெரும்பாலும் பேரழிவுகளை வைத்தே ஆராய்ந்திருக்கின்றன. நிலநடுக்கத்தையும் கொள்ளைநோயையும்விட உறைந்து வெடித்த ஒரு குழாய் மிகச் சிறிய நேர்ச்சி. சிறிதாக இருப்பதாலேயே அதன் காரணங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க முடிகிறது. அந்த வகையில் தத்துவத்துக்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

காரணத்தை ஆராயுமுன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வெடித்த குழாயின் முன் நிற்பவர் முதலில் தேட வேண்டியது வீட்டுக்குள் வரும் தண்ணீரை முழுதாக நிறுத்தும் தலைமை வால்வை. அமெரிக்காவின் வட பகுதி வீடுகளில் அது நிலவறையில் இருக்கும். தென் மாநிலங்களில் பெரும்பாலும் தெருவோரம் மண்ணில் புதைந்த மீட்டர் பெட்டிக்குள் இருக்கும், திருப்ப ஒரு சாவி வேண்டியிருக்கும். வால்வை மூடிய பின் எல்லாத் திருகுகளையும் திறந்துவிட்டால் குழாயில் எஞ்சிய நீர் வடியும். நீர் மின் இணைப்புகளை நெருங்கினால் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்; அதற்கும் தண்ணீரில் நின்றுகொண்டு கை வைக்கக் கூடாது. வெந்நீர்க் கலனையும் அணைக்க வேண்டும். இன்னும் வெடிக்காமல் உறைந்திருக்கும் பகுதியைத் திருகுப் பக்கத்திலிருந்து தொடங்கி, தலைமுடி உலர்த்தியால் மெல்லச் சூடேற்றலாம். தீயை நேரே காட்டக் கூடாது. அப்படிக் காட்டி வீட்டையே எரித்தவர்கள் உண்டு. நனைந்த விரிப்பும் சுவரும் ஒன்றிரண்டு நாளுக்குள் உலராவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

இந்த வரிசைக்குப் பின்னால் ஓர் அறக் கொள்கை இருக்கிறது. அதைத் தெளிவாகச் சொன்ன பழைய நூல்களில் ஒன்று பௌத்தத்தின் மஜ்ஜிம நிகாயம். உலகம் நிலையானதா, முடிவுள்ளதா என்பவற்றுக்கு விடை சொன்னால்தான் துறவில் நிற்பேன் என்று மாலுங்கியபுத்தர் என்ற பிக்கு கேட்கிறார். நஞ்சு தோய்ந்த அம்பு பட்ட ஒருவனின் கதையைப் புத்தர் அவருக்குச் சொல்கிறார். எய்தவன் எந்தக் குலம், என்ன நிறம், வில்லின் நாண் எதனால் ஆனது என்றெல்லாம் தெரியாமல் அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்று அவன் சொன்னால், தெரிந்துகொள்ளுமுன்பே செத்துவிடுவான். தரையில் நீர் ஏறிக்கொண்டிருக்கையில் பழியைப் பங்கிடுவதும் அதுபோன்றதே. அந்த நேரத்தில் கை வால்வில் இருக்க வேண்டும்.

இந்தக் கதையைக் கொண்டு காரண ஆராய்ச்சியே வீண் என்று முடிவு கட்டுவோர் உண்டு. அது புத்தரைத் தவறாகப் படிப்பது. காரணத்தைப் பற்றிப் பௌத்தம் அளவுக்கு விரிவாகப் பேசிய சமயங்கள் குறைவு. ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுகிறது, அந்தச் சார்பு நீங்கினால் அதுவும் நீங்குகிறது என்ற கொள்கை அதன் நடுநாயகம். மணிமேகலையின் கடைசிக் காதையில் அறவண அடிகள் பன்னிரு சார்புகளாக விரித்துரைப்பது அதைத்தான். அம்புக் கதை ஒதுக்கிவைப்பது அம்பை எடுக்க உதவாத கேள்விகளை. மறுபடி அம்பு படாமல் காக்கும் கேள்விகளை அது ஒதுக்கவில்லை. தரை உலர்ந்த பின் அவற்றைக் கேட்டே ஆக வேண்டும்.

கேட்டால் விடைகள் பல வருகின்றன. வெளியே கடுங்குளிர் இருந்தது. குழாய் வெளிச்சுவருக்குள்ளோ பரணிலோ ஓடியது. அதைச் சுற்றி வெப்பக் காப்பு உறை இல்லை. திருகு மூடியிருந்தது. வீட்டின் சூடேற்றி நின்றுபோயிருந்தது. நீர் உறையும்போது விரியும் இயல்புடையது. இவற்றில் ஒன்று இல்லாதிருந்தாலும் குழாய் பிழைத்திருக்கக்கூடும். அப்படியானால் இவற்றுள் காரணம் எது, வெறும் சூழல் எது? ஹார்ட், ஆனோரே என்ற இரு ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் 1959இல் வெளியிட்ட சட்டக் காரணம் பற்றிய நூலில், வழக்கத்துக்கு மாறானதையும் மனிதர் வேண்டுமென்றே செய்ததையுமே மக்கள் காரணம் என்று பிரித்துச் சொல்கிறார்கள் என்று காட்டினர். எப்போதும் இருப்பது பின்னணிக்குப் போய்விடுகிறது. நீரின் இயல்பைக் காரணம் என்று பிளம்பர் சொல்வதில்லை. உறை போடாததைச் சொல்கிறார். வானிலையாளர் வடதுருவக் காற்றைச் சொல்கிறார். காப்பீட்டு நிறுவனம் சூடேற்றியை அணைத்துவிட்டு ஊருக்குப் போனவரைச் சொல்கிறது. மூவரும் பேசுவது ஒரே குழாயைப் பற்றி. ஒவ்வொருவரும் தம்மால் மாற்றக்கூடியதையோ தமக்குப் பயன்படுவதையோ காரணமாக எடுக்கிறார்கள். பக்தர் இறைவனைச் சொல்கிறார். அவர் மாற்றக்கூடிய ஒன்றை அது சுட்டவில்லை என்பது கவனத்துக்குரியது.

இறைவனைச் சொல்பவரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. குழாயைப் பிளக்கும் அதே இயல்பை இறையருளுக்குச் சான்றாகக் கொண்ட அறிஞர்கள் இருந்திருக்கிறார்கள். நீர் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில் மிகுந்த அடர்த்தி கொள்கிறது; அதற்குக் கீழே குளிர்ந்தால் விரிந்து இலேசாகிறது. அதனால் ஏரி மேலிருந்து உறைகிறது. பனிக்கட்டி மிதந்து போர்வையாகிறது. அடியில் மீன் உயிர் வாழ்கிறது. மற்றப் பெரும்பாலான பொருள்களைப் போல நீரும் உறையும்போது சுருங்கியிருந்தால் குளிர் நாட்டு ஏரிகள் அடியிலிருந்து கட்டிபட்டிருக்கும். வெப்பம் பற்றி ஆராய்ந்த ரம்ஃபோர்டு பிரபு 1797இல் இதைப் படைத்தவனின் அறிவுக்குச் சான்றாக எழுதினார். இறைவனின் ஆற்றலையும் அறிவையும் விளக்க இங்கிலாந்தில் எழுதப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் வரிசை நூல்களுள் ஒன்றில், வேதியியலாளர் வில்லியம் பிரௌட் 1834இல் மீண்டும் அதை எடுத்துக்கொண்டார்.

மீனைக் காக்கும் விதியும் வீட்டை நனைக்கும் விதியும் ஒன்றே என்பது இதிலிருந்து வெளிப்படுகிறது. பின்னாளில் எஃப். ஆர். டென்னன்ட் போன்ற கிறித்தவச் சிந்தனையாளர்கள் நல்ல இறைவன் படைத்த உலகில் தீமை ஏன் என்ற புதிருக்கு இந்த வழியிலேயே விடை கண்டனர். உலகம் மாறாத ஒழுங்கில் இயங்கினால்தான் மனிதர் கற்கவும் திட்டமிடவும் பொறுப்பேற்கவும் முடியும். அந்த ஒழுங்கின் விலையாகச் சில துன்பங்கள் வந்தே தீரும் என்பது அவர்கள் வாதம். ஏரியில் விரியும் நீர் நல்லவர் வீட்டுக் குழாயில் மட்டும் விரியாமல் நின்றால், நீரைப் பற்றி எவரும் எதையும் அறிய முடியாது. இந்த வாதம் நேர்மையானது. எல்லாத் துன்பத்துக்கும் அது போதுமா என்பது ஐயமே. குளிரில் விறைத்துச் சாகும் குழந்தையின் முன் ஒழுங்கின் சிறப்பைப் பேச யாருக்கும் நா எழாது. ஆனால் குழாய் அளவிலான கேட்டுக்கு அது பொருந்துகிறது. மேலும், ஒழுங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டவுடனேயே அந்த ஒழுங்கை அறிந்தவரின் கடமையும் தொடங்கிவிடுகிறது.

விவிலியத்தின் யோபு நூலில் உறைபனி நேராகவே வருகிறது. நேர்மையாளரான யோபு எல்லாவற்றையும் இழந்து நியாயம் கேட்கும்போது, சூறைக்காற்றின் நடுவிலிருந்து இறைவன் விடையளிக்காமல் கேள்வி கேட்கிறார். பனிக்கட்டியைப் பெற்றது யார், நீர் எப்படிக் கல்லாகிறது என்பவையும் அக்கேள்விகளுள் உண்டு. யோபுவுக்குக் காரணம் சொல்லப்படவில்லை. ஆனால் காரணம் தங்களுக்குத் தெரியும் என்று வந்த நண்பர்கள், உன் பாவமே இதற்குக் காரணம் என்று சாதித்தவர்கள், நூலின் முடிவில் இறைவனால் கண்டிக்கப்படுகிறார்கள். அமெரிக்க யூத குரு ஹெரால்டு குஷ்னர் தம் மகனைப் பதினான்கு வயதில் அரிய நோய்க்குப் பறிகொடுத்த பின் 1981இல் வெளியிட்ட நூலில், இயற்கையின் விதிகள் ஆள் பார்த்து விலகுவதில்லை என்றும், துன்பம் தண்டனையாக அனுப்பப்படுவதில்லை என்றும் வாதிட்டார். இறைவன் எல்லாம் வல்லவர் என்ற கொள்கையைத் தளர்த்தியேனும் அவர் நல்லவர் என்பதைக் காக்க முயன்ற நூல் அது.

இந்திய மரபுகள் இதே கேள்வியை வினைக் கொள்கையால் எதிர்கொள்கின்றன. சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம். இப்போது செய்து சேர்ப்பது ஆகாமியம். செய்த பொழுதும் விளையும் பொழுதும் வெவ்வேறு என்ற கருத்து இதன் உயிர்நாடி. வில்லை விட்ட அம்பு என்று வேதாந்திகள் பிராரத்தத்துக்குச் சொல்லும் உவமையும் அதையே காட்டும். இரவில் கிழிந்து மறுநாள் கொட்டும் குழாய்க்கு இந்தப் பிரிவு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. கிழிந்துவிட்ட குழாயை இனிக் கிழியாததாக்க இயலாது. அது நுகர்ந்தே தீர வேண்டியது. வால்வை மூடுவதும் மூடாததும் அடுத்த கணத்தின் வினை. திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கி அதைவிட வலியது இல்லை என்ற பின், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்து, தளராது முயல்வோர் ஊழையும் புறங்காட்டி ஓடச் செய்வர் என்கிறது. இரண்டும் முரண் என்று சண்டையிட்ட உரைகள் உண்டு. நுகர வேண்டியதையும் செய்ய வேண்டியதையும் பிரித்துப் பார்த்தால் முரண் பெரிதும் அடங்குகிறது.

வினைக் கொள்கை பிழைபடும் இடம் ஒன்று இருக்கிறது. தன் நிலைக்குத் தன் செயலைப் பொறுப்பாக்கும்போது அது மனிதரை நிமிர்த்துகிறது. அடுத்த வீட்டுக்காரரின் இழப்புக்கு அவரது பழவினையைக் காட்டும்போது அது யோபுவின் நண்பர்கள் செய்த பிழையையே செய்கிறது. மேல் தளத்துக் குழாய் வெடித்துக் கீழ்த்தளக் கூரை ஊறி விழுந்தால், கீழே இருப்பவருக்கு வேண்டியது ஒரு வாளியும் உலர்ந்த படுக்கையும். அவரது முற்பிறவிக் கணக்கை யாரும் படித்துப் பார்த்ததில்லை. படிக்காத கணக்கை மேற்கோள் காட்டி உதவியை நிறுத்துவது சமயத்தின் பெயரால் செய்யும் குற்றம்.

மேற்கத்திய சிந்தனையில் இயற்கைக் கேட்டுக்கும் மனிதக் கேட்டுக்கும் இடையே கோடு கிழிக்கப்பட்ட பொழுது 1755 நவம்பர் 1. புனிதர் அனைவர் திருநாளன்று மக்கள் கோவில்களில் கூடியிருந்தபோது லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் அழிந்தது. இருக்கக்கூடிய உலகங்களுள் சிறந்தது இதுவே என்ற லைப்னிட்சின் கொள்கையை வால்டேர் அந்த அழிவை முன்னிறுத்தி ஒரு கவிதையால் தாக்கினார். அதற்கு 1756 ஆகஸ்டில் ரூசோ எழுதிய கடிதம் வேறொரு திசையில் போயிற்று. ஆறேழு மாடிகளோடு ஆயிரக்கணக்கான வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கை அன்று என்று அவர் சுட்டினார். நிலம் நடுங்கியது இயற்கை. அதன்மேல் மக்களை அப்படிக் குடிவைத்தது நகரம். இறைவனைக் காக்க எழுதப்பட்ட கடிதம்தான் அது. ஆனால் அன்று முதல் இயற்கைப் பேரழிவு என்ற சொல்லையே ஐயத்தோடு பார்க்கும் வழக்கம் தொடங்கியது.

நூறாண்டு கழித்து அந்தக் கோடு ஒரு குளிர்காலக் குழாயின்மேல் கிழிக்கப்பட்டது. 1855இன் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அரிதான கடுங்குளிர். பர்மிங்காம் நகரத் தெருவில் குடிநீர்க் கம்பெனி பதித்திருந்த தீயணைப்புக் குழாயின் அடைப்பான் 25 ஆண்டுகள் குறையின்றி இயங்கியது. அதன் வாய்ப்புறத்தைப் பனி கெட்டியாக மூடிக்கொண்டது. பிப்ரவரியில் நீர் வேறு வழியில் பீறிட்டு, மண்ணுக்குள் ஓடி, பிளைத் என்பவரின் வீட்டில் புகுந்தது. கீழ் நீதிமன்றத்தில் ஜூரிகள் அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். மேல்முறையீட்டை 1856இல் விசாரித்த நீதிபதிகள் அதைப் புரட்டினார்கள். கம்பெனி வழக்கமான ஆண்டுகளின் குளிரைக் கணக்கிட்டுத் தேவையானதைச் செய்திருந்தது. துருவப் பகுதிக்கு வெளியே காணாத ஆழத்துக்கு இறங்கிய உறைபனியை முன்கூட்டி நினைத்திருக்க வேண்டும் என்று எவரையும் கேட்க முடியாது என்றார் ஆல்டர்சன் என்ற நீதிபதி. மனித நடைமுறைகளை உணர்ந்த ஒரு நிதானமான மனிதர் செய்திருப்பதைச் செய்யாமல் விடுவதும், அவர் செய்யாததைச் செய்வதுமே கவனக்குறைவு என்று அவர் வரையறுத்தார். ஆங்கிலச் சட்டம் பரவிய நாடுகளில் எல்லாம், இந்தியா உட்பட, சட்ட மாணவர்கள் இன்றும் இந்த வரையறையில்தான் தொடங்குகிறார்கள். கவனக்குறைவு என்ற கருத்தின் புகழ்பெற்ற விளக்கம் உறைபனியால் நீர் பீறிட்ட ஒரு வழக்கில் பிறந்தது.

பிளைத்துக்கு அது நியாயமாகத் தோன்றியிருக்காது. அவரது வீடு நனைந்தது நனைந்ததுதான். ஆனால் தத்துவ நோக்கில் அத்தீர்ப்பு ஒரு பெரிய மாற்றத்தைக் குறித்தது. பொறுப்பின் எல்லையை அது விளைவில் வைக்கவில்லை, முன்னறிவில் வைத்தது. முன்னறிய முடியாதது இயற்கையின் பக்கம். முன்னறியக்கூடியது மனிதரின் பக்கம். ஆங்கிலச் சட்டம் கடவுளின் செயல் என்ற பெயரில் ஒரு விலக்கு வைத்திருக்கிறது. அதன் அளவையும் இதே முன்னறிவுதான் பெரிதும் தீர்மானிக்கிறது. இதிலிருந்து பின்தொடரும் முடிவை அன்றைய நீதிபதிகள் விரித்துச் சொல்லவில்லை: கோடு நிலையாக ஓரிடத்தில் நிற்காது. ஒரு முறை வந்த குளிர் அடுத்த முறைக்கு எச்சரிக்கை. 1855இன் குளிருக்குக் கம்பெனியை விடுவித்த அதே காரணம், 1856க்குப் பின் அதே அளவு குளிரில் அதை விடுவித்திருக்காது. அறிவு கூடும்தோறும் கடவுளின் பெயரில் எழுதிவைக்கக்கூடியது குறைகிறது.

டெக்சஸ் மாநிலத்தில் 2021 பிப்ரவரிப் பனிப்புயலின்போது நடந்தது இந்த அளவுகோலால் மதிப்பிடப்பட வேண்டியது. பிப்ரவரி 16 அன்று டாலஸில் வெப்பநிலை −19 டிகிரி செல்சியஸ்; 1949க்குப் பிறகு அவ்வளவு குளிர் அங்கே வந்ததில்லை. முந்தின நாள் விடியுமுன்பே மின் உற்பத்தி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மாநிலம் முழுவதும் இருளில் மூழ்க 4 நிமிடம் 37 நொடியே எஞ்சியிருந்த நிலையில், மின்கட்டமைப்பைக் காக்க வலிந்து மின்வெட்டு செய்யப்பட்டது. 45 லட்சம் வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. பல வீடுகளில் அது நாட்கணக்கில் நீடித்தது. மின்சாரம் நின்றதும் சூடேற்றி நின்றது, சூடேற்றி நின்றதும் குழாய் உறைந்தது. வெப்ப நாட்டுக்கென்று கட்டப்பட்ட அந்த வீடுகளில் குழாய்கள் பெரும்பாலும் பரணிலும் வெளிச்சுவரிலும் ஓடுகின்றன. பனி உருகியபோது எண்ணற்ற வீடுகளில் கூரைப் பலகை ஊறி விழுந்தது. 1.4 கோடிக்கும் மேற்பட்டோருக்குக் குடிநீர் தடைப்பட்டது அல்லது காய்ச்சிக் குடிக்கும்படி அறிவிக்கப்பட்டது. உள்ளூர் பிளம்பர்கள் போதாமல் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்து உதவினார்கள்.

அந்த வாரத்தில் அறச் சிக்கல் ஒன்று வெளிப்பட்டது. குழாய் வெடிக்காமல் இருக்கத் திருகைச் சொட்டவிடு என்பது நல்ல அறிவுரை. ஒரு நகரமே அதைப் பின்பற்றியபோது, ஏற்கெனவே வெடித்த குழாய்களின் ஒழுக்கும் சேர்ந்து, பொது நீரின் அழுத்தம் விழுந்தது. மருத்துவமனைக்கும் தீயணைப்புக்கும் நீர் வேண்டும், சொட்டவிடாமல் மூடி வடித்துவிடுங்கள் என்று ஹூஸ்டன் நகர நிர்வாகம் மக்களைக் கேட்டுக்கொண்டது. ஒரு செயலை எல்லாரும் செய்தால் என்னவாகும் என்று பார்த்தே அது சரியா என்று தீர்மானிக்க வேண்டும் என்று கான்ட் சொன்னதற்கு இதைவிடக் கண்கூடான எடுத்துக்காட்டுக் கிடைப்பது கடினம். அதே கான்ட், செய்ய இயலாததைக் கடமை ஆக்க முடியாது என்றும் உணர்ந்தவர். அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவர் நீரை மூடி வடிக்க முடியாது. கட்டடம் முழுவதற்குமான வால்வு பல இடங்களில் நிர்வாகத்தின் பூட்டுக்குள் இருந்தது. கடமையைப் பேசும்போது கருவி யார் கையில் இருக்கிறது என்றும் கேட்டாக வேண்டும்.

இதே கேள்வி காப்பீட்டிலும் வருகிறது. அமெரிக்க வீட்டுக் காப்பீட்டின் பொதுவான ஒப்பந்தம், உறைந்து வெடித்த குழாயின் சேதத்தை ஏற்கிறது. வீட்டைச் சூடாக வைக்கவோ நீரை மூடி வடிக்கவோ நியாயமான கவனம் எடுக்காதவருக்கு மட்டும் மறுக்கிறது. ஆல்டர்சனின் நிதானமான மனிதர் இங்கே வீட்டுக்காரரின் வடிவில் நிற்கிறார். டெக்சஸ் வீட்டுக்காரர்கள் சூடேற்றியை அணைத்துவிட்டுப் போகவில்லை. அது அவர்கள் கையை மீறி அணைந்தது. அப்படியானால் கவனம் எடுத்திருக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி வீட்டைத் தாண்டி வெளியே போகிறது.

அதற்கு விடை பத்தாண்டு முன்பே அச்சாகியிருந்தது. 2011 பிப்ரவரியில் இதே டெக்சஸில் குளிரால் மின் நிலையங்கள் முடங்கிச் சுழற்சி முறையில் மின்வெட்டு வந்தது. நடுவண் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமும் மின்கட்டமைப்பு நம்பகத்தன்மைக்கான அமைப்பும் ஆராய்ந்து அந்த ஆகஸ்டிலேயே அறிக்கை வெளியிட்டன. நிலையங்களையும் எரிவாயுக் கருவிகளையும் குளிர் தாங்கும்படி காக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 1989 டிசம்பரிலும் இது நேர்ந்தது என்பதையும் அதில் எடுத்துக்காட்டியிருந்தார்கள். பரிந்துரைகள் கட்டாயமாக்கப்படவில்லை. 2021இல் உறைந்தவற்றுள் அதே வகைக் கருவிகள் இருந்தன. மின் நிலையங்களைக் குளிருக்குத் தயாராக்குவதைக் கட்டாயமாக்கும் சட்டம் அந்த ஆண்டு ஜூனில்தான் கையெழுத்தானது.

பர்மிங்காம் குளிரை எவரும் முன்னறிய முடியவில்லை. டெக்சஸ் குளிரைப் பற்றி அறிக்கையே இருந்தது. வடதுருவக் காற்று தெற்கே இறங்கியதை இறைவனின் செயல் என்றோ இயற்கையின் போக்கு என்றோ அவரவர் நம்பிக்கைப்படி சொல்லிக்கொள்ளலாம். காப்பின்றி விடப்பட்ட கருவியை அப்படிச் சொல்ல இயலாது. டெக்சஸ் சுகாதாரத் துறையின் கணக்கில் அந்தப் புயலோடு தொடர்புடைய சாவுகள் 246. இறந்தோருள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கடுங்குளிரால் இறந்தவர்கள். அந்தச் சாவுகளைக் கடவுளின் செயல் என்று எழுதுவது கடவுள்மீது சுமத்தும் பொய்.